மூன்று பேர் தொடங்கிய கம்பெனி: டைப் அடிப்பதும் பாக்கி வசூலிப்பதும் மட்டும்தான் என் பங்கா?

ரேக்_நம்பர்_12 (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர், கோவையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மெடிக்கல் ஷாப்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்குப் பதினெட்டு கடைகள் பணம் கட்டிப் பயன்படுத்துகின்றன. மற்ற இருவரும் கோடு (புரோகிராம்) எழுதுகிறார்கள். மீதி எல்லாம் நான்.

அந்த ‘மீதி’ என்ன என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும். புதிதாக ஒரு கடை சேர்ந்தால் அந்தக் கடையின் சரக்கு முழுவதும் கணினியில் ஏற வேண்டும். நடுத்தரமான ஒரு கடையில் நாலாயிரம் ஐட்டம் இருக்கும். சிலர் பழைய மென்பொருளிலிருந்து எக்ஸெல் எடுத்துக் கொடுப்பார்கள். பலர் ஸ்டாக்கிஸ்ட் (மொத்த மருந்து வியாபாரி) கொடுத்த பர்ச்சேஸ் பில்களைக் கட்டாகத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மருந்தின் பெயர், பேக்கிங், பேட்ச் எண், எக்ஸ்பயரி, எம்.ஆர்.பி., எந்த ரேக் என்று ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒரே மாத்திரை மூன்று பில்லில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அட்டைக்குப் பத்தா பதினைந்தா என்பது பில்லில் தெளிவாக இருக்காது. எழுந்து போய் ரேக்கில் பார்த்துவிட்டு வந்து உட்கார வேண்டும். ஒரு கடைக்கு ஐந்து நாள் ஆகும்.

அதற்கு மேல் பிரிண்டர் காகிதம் சிக்கினால் போன் எனக்கு. மாதச் சந்தா பாக்கி வசூல் நான். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு ஆடிட்டரிடம் பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி மருந்துகளுக்கு ஜிஎஸ்டி குறைந்தது நினைவிருக்கும். பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதத்திலிருந்து 5. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. முந்தின நாள் ஞாயிறு, மகாளய அமாவாசை. என் பார்ட்னர் ஒருவன் நாற்பது நிமிடத்தில் ஒரு அப்டேட் எழுதி அனுப்பிவிட்டான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் கடைகளில் சில ஐட்டங்கள் ஆரம்பத்திலேயே தப்பான வரி விகிதத்தில் ஏறியிருந்தன. பழைய விலை அச்சிட்ட அட்டையையும் புதிய விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பதால் விலைப்பட்டியலையும் மாற்ற வேண்டியிருந்தது. அன்று இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பி ஆறு கடைக்குப் போனேன். கடைசிக் கடையில் முடித்தபோது மணி மூன்றரை. அந்தக் கடைக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்துக் கொடுத்தார். அவர் இதுவரை ஒரு மாதம்கூடச் சந்தா தாமதித்ததில்லை.

போன மாதம் பார்ட்னர்கள் இருவரும் என்னை உட்கார வைத்துப் பேசினார்கள். மூவருக்கும் சமமாக இருக்கும் பங்கை மாற்றலாம், எனக்கு 15 சதவீதம் போதும் என்கிறார்கள். ‘ஆபரேஷன்ஸுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம்டா, ப்ராடக்ட்தானே கம்பெனி’ என்றான் ஒருவன். நெருங்கிய நண்பன் வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கடைகளில் ஸ்டாக் மைனஸில் போகிறது. பில் போடும் பையன் நாலு மாத்திரை கொடுத்துவிட்டு 4 என்று அடிக்கிறான், மென்பொருள் அதை நாலு அட்டை என்று எடுத்துக்கொள்கிறது. நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன். ‘அவங்க சரியா என்ட்ரி பண்ணணும்’ என்பதே பதில்.

என் கேள்வி இதுதான். நான் செய்வது நிறுவனர் செய்ய வேண்டிய வேலையா, சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டியதா? அப்படி ஆள் வைத்துவிட்டால் அந்தக் கம்பெனியில் நான் யார்?

---

பெங்களூர்_கோடர்

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் செய்வதில் பாதி, இயந்திரம் செய்ய வேண்டிய வேலை. பதினெட்டு கடைகளிலும் விற்பது ஏறக்குறைய ஒரே மருந்துகள்தானே? பொதுவான ஒரு மாஸ்டர் பட்டியலை ஒரு தடவை சுத்தமாகத் தயார் செய்துவிட்டால், அடுத்த கடைக்குப் பெயரும் பேக்கிங்கும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. பேட்ச்சும் எக்ஸ்பயரியும் மட்டும் மிஞ்சும். அதற்கும் வழி இருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து முன்னணி 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்பது சட்டம், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதிலேயே வந்துவிடும். ஸ்கேன் செய்யுங்கள்.

பதினெட்டு கடைக்கு ஐந்து ஐந்து நாள் உட்காரலாம். நூற்றெண்பது கடை ஆனால்? கஷ்டப்படுவதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் கம்பெனி அங்கேயே நின்றுவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படித்தான் ஆனது.

பங்கு விஷயத்தில் மட்டும் உங்கள் பார்ட்னர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பதினெட்டு கடையும் யாருடைய முகத்தைப் பார்த்துப் பணம் கட்டுகின்றன என்று அவர்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

---

காலை_ஐந்தரை

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் தாராபுரம் பக்கம். பால் கொள்முதல் நிலையங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியை 2014-ல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கினோம், அதில் நான் ஒருத்தி. படித்தது பி.காம்., கோடு எழுதத் தெரியாது. நீங்கள் எழுதியிருக்கும் அந்த ‘மீதி’ எல்லாம் ஆரம்பத்தில் நான் தனியாகப் பார்த்தேன். அதனால் என் அனுபவத்தையே சொல்கிறேன்.

பால் நிலையம் காலை ஐந்தரைக்குத் திறக்கும். தூக்குவாளியிலும் கேனிலும் பால் கொண்டுவந்து ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பாலை எடை போட்டு, சின்னக் குப்பியில் சாம்பிள் எடுத்து, அனலைசர் இயந்திரத்தில் வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று இரண்டு எண் திரையில் வரும். எஸ்.என்.எஃப். என்றால் கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் மற்ற சத்து. அந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் லிட்டருக்கு என்ன விலை என்பது. அதைக் கணக்கில் ஏற்றி, பத்து நாளைக்கு ஒரு தடவை யாருக்கு எவ்வளவு என்று பட்டுவாடாப் பட்டியல் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் மென்பொருள்.

பேச்சுக்கு இவ்வளவுதான். ஆனால் முதல் மாதத்திலேயே புகார் வர ஆரம்பித்தது: ‘உங்க சாஃப்ட்வேர் தப்பாப் போடுது.’ ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை தடவை சரிபார்த்தாலும் கணக்கில் தப்பு இல்லை. சரி, போய் நின்று பார்ப்போம் என்று தினமும் ஒரு நிலையத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு நிலையத்தில் ஒரு ஆத்தா. வீடு எதிர்ச்சாரியிலேயே. காலையில் எப்போதும் முதல் ஆள். அவர் பாலுக்குக் காலையில் மட்டும் ரீடிங் குறைவு, சாயங்காலம் சரியாக இருக்கும். ‘ஏங்கண்ணு, தண்ணி ஊத்தறேன்னு என் மருமகளே சொல்றா. நான் ஊத்துவனா?’ என்று என்னிடம் கேட்டார். மூன்று நாள் அங்கேயே நின்றேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. அவர் கறந்த கையோடு, நுரை அடங்காத பாலைக் கொண்டுவருகிறார். முதல் ஆள் என்பதால் வந்தவுடன் சாம்பிள் எடுத்துவிடுகிறார்கள். பாலில் காற்றுக் குமிழி இருந்தால் அந்த வகை அனலைசர் தப்பாகக் காட்டும். மற்றவர்கள் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து வரிசையில் நிற்பதற்குள் நுரை அடங்கிவிடுகிறது. சாயங்காலம் காட்டு வேலை முடிந்து அவர் கடைசியில்தான் வருவார், அதனால் அப்போது சரியாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்தச் சாம்பிளைத் தனியாகப் பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி போட்டோம். முதலில் 3.6 காட்டிய கொழுப்பு 4.0 ஆனது. ஆத்தாவுக்கு எண் படிக்கத் தெரியும். திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஆபீஸ் திரையில் அந்த ஆத்தா நூற்று நாற்பது வரிகளில் ஒரு வரி. அங்கே பார்த்தால் என்ன தெரியும்?

அதற்கப்புறம் குழாய் கழுவினேன். உண்மையாகவே. அனலைசரின் உள்ளே பால் போகிற குழாயில் நாளாக நாளாகப் பால் படிவு கட்டும். தினமும் இரண்டு வேளையும் கழுவ வேண்டும், வாரம் ஒரு தடவை அதற்கென்று உள்ள அமிலக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். பல இடங்களில் வெந்நீரோடு நிறுத்திவிடுவார்கள். நான் போன நிலையங்களில் ‘சாஃப்ட்வேர் தப்பு’ என்று வந்த புகாரில் பாதிக்கு மேல் இந்தக் குழாயில்தான் இருந்தது. இயந்திரம் எங்களுடையது இல்லை, விற்றதும் நாங்கள் இல்லை. ஆனாலும் நானே கழுவி, கழுவவும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். புளித்த பால் வாடை கையில் மத்தியானம் வரைக்கும் இருக்கும்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் மென்பொருளில் இன்றைக்கும், காலையில் இயந்திரத்தைக் கழுவி ஒரு சோதனைச் சாம்பிள் போட்டால்தான் முதல் என்ட்ரி திறக்கும். வழக்கத்தைவிட ரீடிங் திடீரென்று இறங்கினால் ‘கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுக்கவும்’ என்று திரையில் வரும். புது நிலையக்காரர்கள் எங்களிடம் வருவதே இந்த இரண்டுக்காகத்தான். எந்த மீட்டிங்கிலும் உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆள் வைப்பது பற்றி. நாங்களும் வைத்தோம், ஆறாவது மாதத்திலேயே. என் பார்ட்னர்கள் கேட்டார்கள், நானும் களைத்துப்போயிருந்தேன். நல்ல பையன், சுறுசுறுப்பானவன். நிலையத்தில் கணக்கு இடித்தால் அவனே கையால் திருத்திச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவான். புகாரே வராமல் போனது. நாங்களும் மகிழ்ச்சியாக இருந்தோம். நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரே தவறை அவன் வாரத்துக்கு முப்பது தடவை திருத்திக்கொண்டிருக்கிறான் என்று. அவன்மேல் குற்றமே இல்லை. எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லியிருந்தோம், எதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற அளவுக்கு அப்போது எனக்கே விவரம் பத்தாது.

பிறகு நான் திரும்பப் போனேன், இந்த முறை ஒரு நீள நோட்டோடு. தேதி, நிலையம், என்ன கேட்டார்கள், நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன். ஒரே விஷயம் மூன்றாவது தடவை நோட்டில் ஏறினால் அது கோடு எழுதுபவரின் மேசைக்குப் போகும். ‘ஏன்’ என்ற கட்டத்தில் தயங்காமல் எழுத முடிந்த வேலைகளை மட்டும் ஆளிடம் கொடுத்தேன். அந்த நோட்டு வந்தபிறகு வைத்த ஆட்கள் இன்றுவரை எங்களோடு இருக்கிறார்கள். முதலில் வந்த பையனும்தான், இப்போது அவன்தான் களப்பணி முழுவதற்கும் பொறுப்பு.

பெங்களூர் தம்பி சொல்லும் மாஸ்டர் பட்டியல் சரியான யோசனை. அதைச் செய்யுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் என்னென்ன கட்டம் வேண்டும் என்று சொல்லக்கூடிய ஆள் உங்கள் கம்பெனியில் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் தொழிலில் எல்லோரும் வர்கீஸ் குரியன் பெயரைச் சொல்வார்கள். சென்னை லயோலாவிலும் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். 1949-ல் குஜராத்தின் ஆனந்த் ஊருக்கு அரசு வேலையாக வந்தபோது அங்கே இருக்க அவருக்கு மனமே இல்லை. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-ல் தொடங்கிய கூட்டுறவு அப்போது திணறிக்கொண்டிருந்தது. குரியன் அங்கே முதலில் செய்தது பழுதான பழைய இயந்திரங்களைச் சரிசெய்து கொடுத்ததுதான். அதன் பிறகுதான் அமுல் எல்லாம். அந்தக் கூட்டுறவு தொடங்கியபோது இரண்டு கிராமச் சங்கம், ஒரு நாளைக்கு 247 லிட்டர் பால். திரிபுவன்தாஸ் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசிச் சங்கம் சேர்த்தவர். காலையும் மாலையும் பாலை அளந்து, சோதித்து, பணத்தைத் தவறாமல் கொடுப்பது என்ற அந்த வேலைக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது, ஏனென்றால் மாடு லீவு போடாது. பால்பவுடர் தொழிற்சாலை அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

கடைசியாகப் பங்கு. அந்த வருத்தம் எனக்கும் தெரியும், எனக்கும் அந்தப் பேச்சு வந்தது. நான் சண்டை போடவில்லை. என் பார்ட்னர்கள் இருவரையும் ஆளுக்கு ஒரு வாரம் ஐந்தரை மணிக்கு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஒருவர் இரண்டாம் நாளே பேச்சைக் கைவிட்டார். இன்னொருவருக்கு மனது மாறவில்லை, ஒரு வருடத்தில் பிரிந்து போனார். இரண்டுமே நடக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். ஆனால் அவர்கள் கடைக்கு வந்து நிற்பதற்கு முன்னால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

தணிக்கை_மேசை_மதுரை

அக்கா சொன்னதோடு தொழில் சார்ந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலில் காகிதம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குள் எழுத்துப்பூர்வமான நிறுவனர் ஒப்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இப்போதே போடுங்கள். யார் யாருக்கு எவ்வளவு பங்கு, அது எத்தனை வருடத்தில் முழுமையாக உரிமையாகும், நடுவில் ஒருவர் விலகினால் என்ன ஆகும், யாருக்கு என்ன பொறுப்பு. நாலு வருடத்தில் படிப்படியாக உரிமையாகும் முறை வழக்கமானது. அது மூவருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒருவர் பங்கை மட்டும் பேச்சுவாக்கில் குறைப்பது பின்னாளில் மூவருக்குமே சிக்கல்.

அடுத்து, ரிட்டர்ன் பேப்பர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். மாதாந்திர முறையில் இருந்தால் விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள், வரியோடு கூடிய ரிட்டர்ன் 20-ஆம் தேதிக்குள். பிரைவேட் லிமிடெட் என்றால் ஆண்டுக் கணக்கும் ஆண்டு ரிட்டர்னும் கம்பெனிப் பதிவாளரிடம் போக வேண்டும், தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு இளம் கம்பெனிக்கு முதலீட்டாளர் ஏறக்குறைய ஒப்புக்கொண்ட பிறகு, இரண்டு வருடம் தாக்கல் செய்யாத படிவங்களைப் பார்த்துப் பின்வாங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூன்று நல்ல புரோகிராமர்கள் இருந்த கம்பெனி அது. படிவம் யார் பொறுப்பு என்று மூவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை. அபராதம் மட்டும் கம்பெனிக்கும் டைரக்டர்களுக்கும் சேர்ந்து வந்தது.

வசூலுக்கு ஒரு வழி. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் விதி இருக்கிறது. உத்தேச வருமான முறையில், அதாவது செலவுக் கணக்குக் காட்டாமல் விற்பனையில் குறிப்பிட்ட பங்கை வருமானமாக வைத்து வரி கட்டும் சின்னக் கடைகளுக்கு இது பெரிய அழுத்தம் தராது. ஆனால் நாலைந்து கிளை வைத்திருக்கும் கடைகள் மார்ச் மாதத்தில் உங்களைத் தேடிவந்து பணம் கட்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

---

ரேக்_நம்பர்_12

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்துத்தான் எழுத முடிகிறது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சொன்னபடி ஒரு நீள நோட்டு வாங்கினேன். முதல் மூன்று நாளிலேயே ‘4 அட்டை, 4 மாத்திரை’ ஐந்து தடவை ஏறிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டுபோய் இருவரிடமும் காட்டி, பங்கு பற்றி இப்போது பேச வேண்டாம், ஆளுக்கு ஒரு சனிக்கிழமை கடையில் என்னோடு உட்காருங்கள் என்றேன். ஒருவன் வந்தான். ‘ஆள் போட்டுக்கலாம்டா’ என்று சொன்ன அதே நண்பன்தான். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து மணி வரை கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன்.

பெங்களூர் நண்பர் சொன்ன க்யூஆர் கோடை முதலில் முயன்றோம். சில மருந்துகளுக்கு அது அட்டையில் இல்லை, வெளிப்பெட்டியில் இருக்கிறது. சரக்கு வந்தவுடன் கடைப்பையன் பெட்டியைப் பிரித்து அட்டைகளை ட்ரேயில் அடுக்கிவிடுகிறான், பெட்டி குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. அதனால் ஸ்கேன் செய்வதென்றால் விற்கும்போது முடியாது, சரக்கு உள்ளே வரும்போதே செய்துவிட வேண்டும். அதை அவனே குறித்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு பெரியவர் வந்து சர்க்கரை மாத்திரை நாலு கேட்டார். நாலு நாளைக்கு மட்டும்தான் கையில் பணம் இருந்தது போல. கடைக்காரர் ட்ரேயிலிருந்து ஏற்கெனவே வெட்டியிருந்த அட்டையை எடுத்து, திருப்பிப் பார்த்து, கத்தரியால் ஒரு பக்கத்திலிருந்து நாலை வெட்டிக் கொடுத்தார். ‘ஏங்க அண்ணா திருப்பிப் பார்த்தீங்க?’ என்று நண்பன் கேட்டான். பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும், அந்தப் பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சம் எப்போது காலாவதியாகிறது என்று தெரியாது, ஸ்டாக்கிஸ்ட்டும் திருப்பி எடுக்கமாட்டார் என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே பில்லில் 4 என்று அடித்தார். திரையில் ஸ்டாக் நாலு அட்டை இறங்கியது. பின்னால் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நண்பன் திரையையும் வரிசையையும் பார்த்தான். கடைக்காரரைத் திருத்தச் சொல்லவில்லை.

அன்று மட்டும் வந்த பில்லில் பாதிக்கு மேல் வெட்டிய அட்டை. அவன் அதை எண்ணிக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு மத்தியானம் புதுத் திரை அனுப்பினான். எண்ணை அடித்தால் மாத்திரைக் கணக்கு, முழு அட்டை வேண்டுமென்றால் தனி பொத்தான். வெட்டிய அட்டை எந்த பேட்ச் என்று தனியாக நிற்கும், அடுத்த பில்லில் அதுவே முதலில் வரும். திங்கள் காலையில் இரண்டு கடையில் போட்டுப் பார்த்தோம்.

இன்னொரு பார்ட்னர் இன்னும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஒப்பந்த நகல் மதுரை ஐயா சொன்ன மாதிரி நாலு வருட முறையில் எழுதி ஆடிட்டரிடம் கொடுத்திருக்கிறோம். சதவீதம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அக்கா, ஒரு சந்தேகம்: உங்கள் நோட்டில் ‘ஏன்’ கட்டத்தை நிரப்ப முடியாத வேலைகளைத் தனியாகக் குறித்து வைத்தீர்களா, அல்லது அப்படியே வெற்றாக விட்டீர்களா?

---

காலை_ஐந்தரை

வெற்றாகவே விடுங்கள் தம்பி. பக்கத்தைப் புரட்டும்போது வெள்ளையாக இருக்கும் கட்டம் தனியாகக் கண்ணில் படும். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து அந்த வாரத்து வெள்ளைக் கட்டங்களை மட்டும் பார்ப்பேன், திங்கட்கிழமை எந்த நிலையத்துக்குப் போவது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த இன்னொரு பார்ட்னர் சனிக்கிழமை வந்தால் சாயங்காலத்துக்குப் பதிலாக, சரக்கு வந்து இறங்கும் நேரத்துக்கு அழைத்துப் போங்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஸ்கேன் செய்ய வேண்டும் என்றீர்களே, அதை அவர் கையாலேயே ஒரு ஐம்பது பெட்டி செய்யட்டும்.